எதிர்வாசலில் விழுந்த புள்ளி

மேட்டுத்தெரு,
சேரப்பணஞ்சேரி பக்கம்,
14.9.2014

பேத்தி எழிலரசிக்கு ஆயா எழுதுவது.

உன் தாத்தாவைத் தூக்கிப் போன அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான். பாடையின் முன்பக்கம் ஐயனாரும் கன்னியப்பனும். பின்பக்கம் வேதாசலமும் அவன் தம்பியும். கொள்ளிச்சட்டி தூக்கிக்கொண்டு உன் மாமன், அப்போது அவனுக்குப் பதினோரு வயது. கழனி வரப்பின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றவன் உன் தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி எல்லப்பன். தோளில் பச்சைக் கோடு போட்ட துண்டு. பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதால் தெருமுனையில் நான்.

'அந்தப் பக்கமே ஏன் ஆயா போவ மாட்டேன்ற' என்று போன வாரம் போனில் கேட்டாய் அல்லவா. போனில் நான் பேசினால் தெருவே கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. கோணலாக இருந்தால் சிரிக்காமல் படி.

சுடுகாட்டுக்கு எல்லப்பனின் கழனி வழியாகத்தான் வழி. "நேத்துதான் நாத்து நட்டுகீது. மிதிச்சினு போவ வாணாம், ஏரிப்பக்கமா சுத்தினு போங்க" என்றான். அவனுக்கும் உன் தாத்தாவுக்கும் பாகத் தகராறு. அதை உயிரோடு இருந்தவரிடம் காட்டியிருக்கலாம். ஐப்பசி மழை, ஏரி நிரம்பிக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் பாடையை இறக்கித் தூக்கிப் போனார்கள். பாதியில் ஐயனாருக்குக் கால் வழுக்கி, உன் தாத்தாவின் இடது கை கட்டிலிருந்து நழுவித் தண்ணீரில் தொங்கியது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. தொங்கிக்கொண்டே போனது.

அங்கேயே மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு சொன்னேன். "என் புருசன் பொணம் போவாத மண்ணுல என் காலு படாது." இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பட்டதில்லை.

அந்தக் கழனியில் பாதி கம்பெனிக்குப் போய்விட்டது. மீதியில் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை லாரி மண்ணால் தூர்த்து, அதன் மேல் வரிசையாக எட்டு ரூம் கட்டி, கம்பெனிக்குப் போகும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். ஷிப்ட் மாறும்போதெல்லாம் அங்கே திருவிழாக் கூட்டம். எதிரே சந்துக்கு இந்தப் பக்கம் செல்லக்கனியின் மெஸ். உனக்குத் தெரியுமே, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், புருஷன் கொம்பையா பெயிண்ட் கம்பெனியில். தினம் எனக்கு ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அவள் கடை திறக்கிறாள்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் நீ மைக் பிடித்துச் சொன்னாய். எரியாத விளக்கு, உடைந்த குழாய், தூர்த்த கால்வாய் எதுவானாலும் போனில் இருக்கும் உன் 'ஊர்க்கண்'ணில் போட்டோ பிடித்து அமுக்கினால் சர்க்கார் ஆபீசுக்குப் போய்விடும் என்று. கொடுத்தது யார் என்று வெளியே தெரியாது என்றும் சொன்னாய். அது சத்தியம்தானா? மேடைப் பேச்சா? ஒரு வரி எழுது.

நீ வாங்கிக் கொடுத்த போன் நன்றாக இருக்கிறது. சூடாகிறது.

உன் ஆயா,
சந்திரம்மாள்

*

போபால்,
22.9.2014

அன்புள்ள ஆயா,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துவிட்டு, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தாத்தாவின் கை பற்றி அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

நீ கேட்டது சத்தியம். கொடுத்தவர் பெயர் அரசு ஆபீசுக்கே போகாது. போனின் எண் எங்கள் கணினியில் மட்டும் இருக்கும். அதை நாங்கள் யாருக்கும் காட்ட மாட்டோம். அப்படி ஒரு வாக்குக் கொடுக்காவிட்டால் எந்த ஊரிலும் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். இங்கேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் முந்நூறு கிராமம். உன்னைப் போலவே இங்கே ஒரு கிழவி, போனைக் கையில் வாங்கியதும் பக்கத்து வீட்டு எருமையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

ஆனால் ஆயா, சண்டைக்கு அதை எடுக்காதே. முதலில் நம் தெருக் கம்பத்து விளக்குக்குக் கொடுத்துப் பார். கிராம சபையில் சொன்னதை மறக்காதே. எது கெட்டிருக்கிறதோ அங்கே போய் நின்றுதான் அமுக்க வேண்டும்.

மூட்டுவலி எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் தேய்.

உன்
எழில்

*

மேட்டுத்தெரு,
9.10.2014

எழிலரசிக்கு,

எண்ணெய் வந்தது. வாடை பிடிக்கவில்லை, தேய்க்கிறேன்.

விளக்குக்குக் கொடுத்தேன். நாலாம் நாள் வந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நம்பிராஜன் வாத்தியார் கம்பத்தடியில் நின்று, "யாருப்பா இந்த நல்ல காரியம் பண்ணது" என்று கேட்டார். வாயைத் திறக்கவில்லை நான். எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் முந்தாநாள், செவ்வாய்க்கிழமை, மற்றதையும் கொடுத்துவிட்டேன்.

கோபிக்காதே. அவன் மண்ணில் கால் வைக்க முடியாது என்பது உனக்கே தெரியும். செல்லக்கனியின் வாசல் கல்லில் ஏறி நின்றேன். நேர் எதிரே அவன் எட்டு ரூமும் தெரிகிறது. கையை நீட்டி எடுத்தேன். படம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கிறது. தூர்த்த கால்வாய், அதன் மேல் சுவர், கொடியில் காயும் அவனுடைய கைலி, எல்லாம் இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

செல்லக்கனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சி, போட்டோவெல்லாம் பிடிக்கிய. நடிகையாயிட்டியளா?" என்றாள். "ஆமாண்டி, உன் மாவு சட்டிய புடிச்சேன்" என்றேன். சிரித்துக்கொண்டே டம்ளரில் காப்பி கொடுத்தாள். அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து குடித்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு காப்பி குடித்ததில்லை.

இனி எந்த நாள் வருவார்கள் என்று மட்டும் விசாரித்துச் சொல். வாசலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சந்திரம்மாள்

*

மேட்டுத்தெரு,
11.11.2014

எழிலரசி,

நேற்று வந்தார்கள். மூன்று பேர். ஒருத்தன் கையில் போன், ஒருத்தன் கையில் பெயிண்ட் டப்பா, ஒருத்தன் கையில் காகிதம். எவனும் வீட்டைப் பார்க்கவில்லை. யார் பேரையும் கேட்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எல்லப்பனின் ரூம் வரிசையைத் தாண்டினார்கள். திரும்புவார்கள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. செல்லக்கனியின் வாசல் கல்லுக்கு வந்ததும் போன்காரன் நின்றான். இரண்டடி பின்னால் போனான், ஒரு அடி முன்னால் வந்தான், "இதான்" என்றான்.

சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு, கீழே 17 என்று எழுதினான். கால்வாயை ஆக்கிரமித்துக் கட்டியதாம். முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டுமாம். காகிதத்தைக் கதவில் ஒட்டினான்.

செல்லக்கனி கையெல்லாம் மாவோடு வெளியே வந்தாள். "அண்ணாச்சி, நாங்க கால்வாயில கெட்டலயே. அந்தா எதுத்தாப்புலல்லா கால்வா" என்றாள். அவன், "பட்டா கீதாம்மா?" என்றான். எழுதிக் கொடுத்து நாலு வருஷமாகியும் வராத பட்டா. எல்லப்பன் எப்படியோ வாங்கி வைத்திருக்கிறான். அவர்கள் போய்விட்டார்கள். பெயிண்ட் காய்வதற்குள் ஒழுகி, குறியின் ஒரு கால் தரை வரைக்கும் வந்துவிட்டது.

தெரு முழுக்க எல்லப்பன் வேலைதான் என்கிறது. கொம்பையா அவனை அடிக்கப் போய்விட்டான், பிடித்து நிறுத்தினார்கள். நானும் கூட நின்று, "அவன்தான் பண்ணுவான், வேற எவன் பண்ணுவான்" என்று சொன்னேன்.

உன் மெஷின் கண் குருடா? படத்தில் அவன் கைலியே தெரிகிறதே. ஆபீசில் யாரையோ அவன் கையில் போட்டுக்கொண்டிருக்கிறான். என்ன ஏது என்று பார்த்து உடனே எழுது. போன் பண்ணாதே. செல்லக்கனி நேற்றிலிருந்து என் வீட்டில்தான் வந்து உட்கார்ந்து அழுகிறாள்.

ஆயா

*

போபால்,
15.11.2014

ஆயா,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். பதினொரு முறை கூப்பிட்டேன், போன் அணைந்திருக்கிறது என்று வருகிறது. அதை எங்கே வைத்திருக்கிறாய்?

கணினியில் பார்த்துவிட்டேன். யாரும் யாரையும் கையில் போட்டுக்கொள்ளவில்லை. நீ அமுக்கிய நேரத்தில் போன் எந்த இடத்தில் இருந்ததோ வரைபடத்தில் அந்த இடத்தில்தான் புள்ளி விழும். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. நீ செல்லக்கனி அக்காவின் வாசல் கல்லில் நின்றாய். புள்ளி அவர்கள் வாசலில் விழுந்தது. படத்தை யாராவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆபீசுக்குப் போன பட்டியலில் படம் இல்லை, புள்ளிகள் மட்டும்தான். அப்படிச் செய்தது நாங்கள். பட்டியல் சீக்கிரம் போகட்டும் என்று செய்தோம். அது என் தப்பு. நான் ஒத்துக்கொள்கிறேன்.

இதைத் திருத்த இரண்டு வழிதான் இருக்கிறது. கவனமாகப் படி.

ஒன்று, நீ அந்தப் போனை எடுத்துக்கொண்டு சின்ன தாத்தா ரூம் வரிசைக்கு உள்ளே போ. கால்வாய் இருந்த இடத்தில் நின்று, பழைய புகாரைத் திறந்து 'திருத்து' என்பதை அமுக்கு. புள்ளி நகர்ந்துவிடும், செல்லக்கனி அக்காவின் வீடு பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். உன்னால் முடியாது என்றால் வேறு யாரிடமாவது போனைக் கொடுத்து அனுப்பு. ஆனால் அவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இல்லையென்றால், இந்தத் தேதியில் இன்னார் கொடுத்த புகார் இடம் மாறிவிட்டது என்று நானே ஆபீசுக்கு எழுதுகிறேன். அதற்கு உன் பெயரைப் போட வேண்டும். நீ சம்மதம் என்று எழுதினால் போதும்.

முப்பதாம் தேதிக்குள். எனக்கு டிசம்பர் ஆறுக்கு முன்னால் இங்கிருந்து கிளம்ப வழியில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

எழில்

*

மேட்டுத்தெரு,
21.11.2014

எழிலரசிக்கு,

போன் அரிசி டின்னில் இருக்கிறது. மூடி போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். நின்ற இடத்தைப் பார்க்கும், பார்க்கிற இடத்தைப் பார்க்காது என்றால் அதற்குக் கண் என்று எதற்குப் பேர் வைத்தீர்கள்?

நேற்று போனை மடியில் கட்டிக்கொண்டு போனேன். போகவில்லை என்று நினைக்காதே. அவன் ரூம் வரிசைக்கு முன்னால் ஒரு சிமெண்ட் பலகை போட்டிருக்கிறான். அதைத் தாண்டினால் அவன் மண். பலகை வரைக்கும் போனேன். எல்லப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டதே, அந்தக் காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான், முடியவில்லை.

"இன்னா அண்ணி, வழி மறந்து வந்துட்டியா" என்றான்.

பலகையின் ஓரத்தில் போய் நின்றேன்.

"வா அண்ணி. உள்ள வா. எத்தினி நாளு இப்டியே நிப்ப. எனுக்கும் போற வயசு வந்துட்ச்சி, உனுக்கும் வந்துட்ச்சி."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கேலியா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ஈர மண். மழை பெய்து ஊறியிருந்தது. அதில் யார் யாருடைய செருப்புத் தடமோ. காலைத் தூக்கினேன், எழிலு. பொய் சொல்லவில்லை, தூக்கினேன். கை தண்ணீரில் தொங்கிக்கொண்டு போனது கண் முன்னால் வந்தது. கீழே வைக்க முடியவில்லை. இந்தப் பக்கமே வைத்தேன்.

"ஒண்ணும் இல்ல, கோழி ஒண்ணு வந்துட்சா பாக்க வந்தேன்" என்றேன். எனக்கு ஏது கோழி.

பேரைப் போட்டு எழுதாதே. சந்திரம்மாள்தான் புகார் கொடுத்தாள் என்று தெரிந்தால் எல்லப்பன் சிரிப்பான். அதுகூடப் பரவாயில்லை. செல்லக்கனி என்ன நினைப்பாள்? எழுபத்துநாலு வயதில் இந்தத் தெருவில் என்னைத் தேடி வருகிறவள் அவள் ஒருத்திதான். பேரைப் போட்டால் நீ என் பேத்தி இல்லை.

அவள் ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைகிறாள். போகும்போதும் ரசம் வைத்துவிட்டுத்தான் போகிறாள். நேற்று கிண்ணத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "ஏதாவது சொல்லணுமா ஆச்சி" என்று கேட்டாள். "உப்பு கம்மி" என்றேன்.

உன் கணினியிலேயே அந்தப் புள்ளியை அழித்துவிடு. நீ செய்த மெஷின்தானே.

ஆயா

*

போபால்,
25.11.2014

ஆயா,

என்னால் அழிக்க முடியாது. ஆபீசுக்குப் போன புள்ளியை நாங்கள் அழித்தால், நாளைக்கு எந்தப் பெரிய மனிதரும் எங்களை மிரட்டி அவர் புள்ளியை அழிக்கச் சொல்லலாம். அதனால்தான் பூட்டி வைத்தோம். பூட்டியது நான்தான்.

உன் பெயரை நீ சம்மதிக்காமல் எழுத மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்றிரவு அந்த வாக்கை முறித்துவிடலாமா என்று ஆபீசுக்குக் கடிதம் எழுதி, கிழித்துப் போட்டேன். முந்நூறு கிராமத்துக்கு அதே வாக்கைக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு அடி ஆயா. தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அந்தப் பாவம் என் தலையில். இந்தக் கடிதம் வந்ததும் போ. கை கால் கழுவிக்கொண்டு வந்துவிடலாம்.

எழில்

*

மேட்டுத்தெரு,
11.12.2014

எழிலரசிக்கு,

உன் கடைசிக் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. ஒரு நாள் இருந்தது. தபால் தாமதம் என்று நான் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் தேதி காலை ஏழரைக்கு மஞ்சள் மெஷின் வந்தது. முதல் ஷிப்ட் போகிற பையன்கள் டிபன் பொட்டலத்தோடு சந்தில் நின்று பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் செல்லக்கனி கணக்குப் பார்க்காமல் சோறு போட்டவள். ஒருத்தனும் பேசவில்லை, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. முதலில் அடுப்பு மேடை போனது. அப்புறம் 17 எழுதின சுவர். கடைசியாக மெஷின்காரன் அந்த வாசல் கல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்தான். முழுசாகத்தான் இருக்கிறது.

சாமான்களைத் தெருவில் வைத்துக்கொண்டு நின்றவளை எல்லப்பன் கூப்பிட்டான். மூன்றாம் நம்பர் ரூமைத் திறந்துவிட்டான். "வாடகெல்லாம் வாணாம்மா, ஊருக்குப் போற வரிக்கும் இரு" என்றான். முந்தின மாதம் அவனை அடிக்கப் போன கொம்பையா, அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

தை பிறந்ததும் ஊருக்கே திரும்பிப் போகிறார்கள்.

முந்தாநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ரசக் கிண்ணம். அந்த ரூமில் ஒரு ஸ்டவ்வை வைத்துச் சமைத்திருக்கிறாள். கிண்ணத்தை வைத்தாள், உட்கார்ந்தாள்.

"எவன் பண்ணானோ அவன் வெளங்க மாட்டான்" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அப்படிச் சொல்லாதிய ஆச்சி" என்றாள். கதவில் ஒட்டிய அந்தக் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் வைத்திருந்தாள். எடுத்து விரித்துக் காட்டினாள். புகார் வந்த நாள் அக்டோபர் ஏழு, நேரம் காலை பத்து நாற்பத்தைந்து என்று அச்சடித்திருக்கிறது. நீ அதை எனக்குச் சொல்லவில்லை.

"அன்னைக்கு அந்நேரம் நீங்க எங்க வாசக் கல்லுல உக்காந்து காப்பி குடிச்சிய" என்றாள். "ஒட்டிட்டுப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒரு சார் சொன்னாரு, தப்பாக் குடுத்தவங்கள கூட்டிட்டு வாங்க, மாத்திரலாம்னு. நீங்களா வந்து சொல்லுவியன்னு இருந்தேன். நானா கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா. அவுகளுக்குக்கூட நான் சொல்லல."

காகிதத்தை வாங்கி அந்த நேரத்தை மறுபடி படித்தேன்.

"நீங்க எங்களுக்குன்னு நெனச்சா செஞ்சிய. விடுங்க ஆச்சி. ரசம் ஆறுது" என்றாள். என் கையைப் பிடித்து, தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கெடு முடியும்வரை இருபத்தொரு நாள். அத்தனை நாளும் தெரிந்துகொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தெரிந்துகொண்டே ரசம் வைத்திருக்கிறாள். 'எல்லப்பன்தான் பண்ணுவான்' என்று நான் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னைத் திட்டியிருக்கலாம். தெருவைக் கூட்டி மானத்தை வாங்கியிருக்கலாம். மண்ணை அள்ளித் தூற்றியிருக்கலாம், அதற்கு நான் பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேற்றும் இன்றும் கிண்ணத்தைக் கழுவாமல் வைத்திருக்கிறேன். கழுவினால் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும். அவள் இருப்பது அவன் மண்ணில்.

உன் போனைப் பார்சல் கட்டி இதோடு அனுப்புகிறேன். ஆறாம் தேதிக்கு மேல் வருகிறேன் என்றாய். வராதே. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ உன் வாக்கைக் காப்பாற்றினாய், நான் என் வாக்கைக் காப்பாற்றினேன். எல்லப்பனைக்கூட இனி விட்டுவிடுவேன் போலிருக்கிறது. அவனைச் சுமந்து சுமந்து தோள் பழகிவிட்டது, இறக்கி வைத்தாலும் வலிக்காது.

சாகிற வரைக்கும் நான் மன்னிக்க மாட்டாதவள் ஒருத்திதான். சந்திரம்மாள் சொன்னாள் என்று உன் கணினியில் எழுதிப் பூட்டி வை. பேர், செல்லக்கனி.